எதிர்ச் சக்கரம்

கெம்பையன் இடதுபக்கச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தான். அது அசையவில்லை. ஹேண்ட்பிரேக் இறங்கித்தான் இருந்தது. வேனின் பின்பக்கத்தை ஸ்டாண்டுகளில் தூக்கி நிறுத்திக் கியரில் போட்டிருந்தான். அப்படி நிறுத்திய வண்டியில் ஒரு சக்கரத்தை முன்னால் தள்ளினால், ஆக்சிலின் மறுமுனையில் இருப்பது பின்னால் ஓட வேண்டும். மறுமுனையை யாராவது பிடித்துக்கொண்டால்தான் இரண்டும் நிற்கும். பிடித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மூன்று மாதமாகவே இல்லை.

மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்தில் சாயங்கால மழை தகரக்கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. பேட்டரி விளக்கு பாதி வேனுக்குத்தான் வெளிச்சம் கொடுத்தது. மீதிப் பாதியும் அதற்குப் பின்னால் இருந்த சுவரும் இருட்டிலேயே கிடந்தன. கியர் ஆயிலின் கந்தக நாற்றம் ஷெட் முழுக்க நிறைந்திருந்தது.

அந்த மறுபக்கம் அவன் மனைவி வடிவுவின் இடம். ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நடுவில் வேன் இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பக்கத்துப் பட்டறைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தட்டிப் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால் விடு, இரண்டு தட்டு என்றால் பிடி. நீள ஸ்க்ரூடிரைவரை ஆக்சில்மேல் ஊன்றி அதன் பிடியில் காதை வைத்தாளென்றால், எந்த பேரிங் போயிருக்கிறது என்று அவனுக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். "உங்க காது கெவுர்மென்ட் காதுங்க, வேலை நேரம் முடிஞ்சா கேக்காது" என்று கிண்டல் வேறு. அப்படிப்பட்டவளை ஒரு வாரக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வேன் அன்றிலிருந்து ஓரமாகவே நின்றது. மகள் ஸ்வாதி ஹனூரில் அவன் அக்கா சென்னம்மாவிடம் இருந்தாள்.

மத்தியானம் அக்கா போன் பண்ணியிருந்தாள். "தம்பி, புள்ளைக்கு காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குதுடா. உன்னையவே கேக்கறா." பிறகு ஸ்வாதியின் குரல், தொண்டை வறண்டு வந்தது. "பேகா வாங்கப்பா. சீக்கிரம் வாங்க."

உடனே கிளம்பத்தான் செய்தான். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஆக்சில் ஊளையிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியில் 'டொக்' என்று ஓர் அடி. சத்தம் போடும் ஆக்சிலோடு வெளியூர் போகக் கூடாது என்பது வடிவுவின் கட்டளை. பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளையை மழையில் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதா என்று நினைத்தான். செத்துப்போனவளின் பேச்சைத் தட்ட மனசு வராமல் வண்டியைத் திருப்பினான்.

மறுபடி தள்ளினான். சக்கரம் நின்றது நின்றபடியே இருந்தது. பிறகு வேனுக்கு அந்தப் பக்கமிருந்து, இரும்பில் இரும்பு பட்ட சத்தம் மெதுவாக வந்தது.

டங். டங்.

விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றிப் போனான். ஆயில் டின் கவிழ்ந்து கிடந்தது. அதை யார் கவிழ்த்தார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. வலதுபக்கச் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினான், லேசாகச் சுழன்றது. எங்கேயும் இறுகவில்லை. தன் பக்கத்துக்கே திரும்பி வந்து, ஸ்பேனரால் ஒருமுறை தட்டினான். சக்கரம் விடுபட்டு ஓடியது. இரண்டுமுறை தட்டினான். நின்றது.

பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது. விடு, பிடி, விடு, பிடி என்று தட்டிக்கொண்டே அழுதான். ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சக்கரத்திடம் சொன்னான். சந்தில் வெளிச்சம் முழுக்கச் செத்த பிறகுதான் அவனுக்குப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

"போதும் வடிவு, விடு. நம்ம ஸ்வாதிக்கு உடம்பு முடியல. நான் போகோணும்."

ஒருமுறை தட்டினான். சக்கரம் விடவில்லை. இன்னொருமுறை தட்டினான். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

டங். டங். பிடி.

வலதுபக்கம் ஓடினான். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆக்சில் கம்பியை முழுதாக உருவித் தரையில் போட்டான். ஆயில் வழிந்து காலை நனைத்தது. இனி அந்தப் பக்கம் சக்கரமுமில்லை, கம்பியுமில்லை. வெறும் இரும்புக்குழாய் மட்டும்தான். இனி இடது சக்கரம் தொட்டாலே சுற்ற வேண்டும்.

போய்த் தொட்டான்.

சுற்றவில்லை.

கியர் ஆயில் நாற்றத்துக்கு நடுவே பினாயில் வாசம் வந்தது. ஆஸ்பத்திரி வார்டின் வாசம். தட்டும் சத்தம் இப்போது குழாய்க்குள்ளிருந்து வந்தது.

வலதுபக்கம் திரும்பி வந்து குழாய்முன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். குழாய்க்குள் ஒரே இருட்டு. கையை உள்ளே விடாதே என்று உடம்பு முழுக்கச் சொன்னது. விட்டான். மணிக்கட்டு வரை இறுக்கமாகப் போயிற்று. அதற்குள் இன்னொரு கைக்கு இடமே கிடையாது.

ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

ஐஸ் மாதிரி இருந்தது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அவள்தான். அவளேதான்.

"விடு புள்ள. உன் காலைப் பிடிச்சுக்கறேன். கொழந்தைகிட்ட போகோணும்."

பிடி இறுகியது. எலும்பு நொறுங்குகிற வலி. இழுத்தான். வரவில்லை.

மழை நின்றது. எங்கும் சத்தமில்லை.

அப்போது உள்ளே இன்னொரு கை ஊர்ந்து வந்தது. சின்னக் கை. மிகச் சின்னது. தடவித் தடவி அவன் சுண்டுவிரலைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டது. தேவராஜா மார்க்கெட் கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்க ஸ்வாதி அப்படித்தான் பிடிப்பாள்.

அது சுட்டது. நெருப்பாய்க் கொதித்தது.

"வேண்டாம்," என்றான். "வேண்டாம் கண்ணு. வேண்டாம்."

அவன் விரலைப் பிடித்தபடியே அந்தச் சின்னக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டு வந்தது.