ஆணிப்பெயர்

உச்சி மணி அடித்ததும் பெயரில்லாத மனிதர்களையெல்லாம் கூட்டித் தள்ளிவிடுவார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தக் கும்பலில் தன் புருஷனும் இருக்கிறார் என்பது செண்பகவடிவுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. உடனே படியகத்துக்கு ஓடிவந்தாள்.

படியகத்தின் பொறுப்பாளர் பர்வீன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "காய்ச்சலுக்கு முன்னாடி எடுத்த படிக்கு என்ன பேரு வெச்சீங்கக்கா?"

"அவருன்னுதான்."

"அங்கதான் தப்பாயிருச்சு."

மனிதனின் மனத்தை ஒன்றுவிடாமல் நகலெடுத்து வைப்பதுதான் படி. ஒவ்வொரு படிக்கும் எந்திரம் ஒரு ரேகை போடும். முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒரே ஒரு நினைவு பிசகினாலும் ரேகை வேறாகிவிடும். அந்தக் கண்றாவியை யார் மனப்பாடம் செய்வது? அதனால்தான் பெயர் வைத்தார்கள். ஆளின் சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பதிந்தால் அது ஆணிப்பெயர், அடித்த படியிலேயே நிற்கும். பதிந்த உடனேயும், பிறகு எப்போது அந்தப் பெயரைச் சொன்னாலும், அதே படி உடம்பில் ஏறிவிடும். வேறு எதைச் சொன்னாலும் அது ஓடும்பெயர். புதிய படி எடுத்தால் அதன்மேல் தாவிவிடும்.

நிலவில் வீட்டுமனை விற்கிற காலத்திலும் செண்பகவடிவு புருஷன் பெயரைச் சொன்னதில்லை. 'ஏனுங்க', 'அவரு', அவ்வளவுதான். அவர் மட்டும் 'வடிவு, வடிவு' என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

"நேத்து ஆம்புலன்ஸ்ல தானாவே ஒரு படி எடுத்திருக்குது. பேரு அதுமேல ஓடிருச்சு. நல்லா இருந்த ஆளு இப்ப பேரில்லாம கெடக்கறாரு. உச்சிக்குள்ள அவருமேல ஆணி அடிக்கலீன்னா போயிருவாரு."

"அவரு ரேகையெல்லாம் எனக்கு ஞாபகமில்லயே கண்ணு!"

"அப்ப எண்ணித்தான் போகோணும். இப்ப இருக்கறதுலருந்து பின்னால ரெண்டாவது." பர்வீனின் விரல் பொத்தானுக்குப் போனது. சட்டென்று கையை உதறி இழுத்துக்கொண்டாள். "அய்யோ! எந்திரம் தானாவே இப்ப இன்னொண்ணு எடுத்திருச்சு. ரெண்டாவது மூணாவதாயிருச்சு."

பர்வீன் எண்ணை மூன்றாக மாற்றினாள். ஒரு எண் தவறியிருந்தால் காய்ச்சல்காரரின் மேலேயே ஆணி இறங்கியிருக்கும்.

பர்வீன் செண்பகவடிவின் தலையிலும் ஒரு உலோகத் தொப்பியை மாட்டிவிட்டாள். பெயர் சொல்கிறவரை எந்திரம் அடையாளம் காண அது வேண்டும். கணவன் மனைவிக்குள் வேறு அனுமதி எதுவும் தேவையில்லை. சட்டம் அப்படி.

பக்கத்துக் கட்டிலில் அதேபோன்ற தொப்பியோடு அவள் புருஷன் நாச்சிமுத்து படுத்திருந்தார். மறதிக்காய்ச்சல் நினைவையெல்லாம் தின்றுவிட்டது. அவர் கை துழாவி அவள் முந்தானையைப் பிடித்தது.

"பயமா இருக்குது புள்ள. என்னமோ பண்ணப்போறீங்க. என்னய உட்டுப்போடாத. உன்னத் தவுத்து எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து வந்ததில்லை. செண்பகவடிவு பர்வீனைப் பார்த்தாள். "இவரு என்ன ஆவாரு?"

"ஒரு பேருக்கு ஒரு ஆணிதானுங்கக்கா." பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொல்லுங்க. நேரமில்ல."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.

"நாச்சிமுத்து."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பேரச் சொல்லியே கூப்புட்டுட்டயா? இங்கதான் இருக்கறன் புள்ள."

எந்திரம் உறுமியது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. உச்சி மணி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்து தானே தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பழைய மிடுக்கான குரல். "எதுக்கு வடிவு இங்க வந்திருக்கறோம்?"

அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. இன்னொருத்தர் இருந்தார், பயப்பட்டார், கூப்பிட்டதும் சிரித்தார் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். "நானே அவரக் கொன்னுட்டனுங்க."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பர்வீனிடம் திரும்பினார். "இப்படி அழுதா இவளுக்கு ஒத்துக்காதும்மா. கல்யாணமான புதுசுலயே இவளுக்கு ஆணி அடிச்சு வெச்சிருக்கறன். எப்பவும் ஏத்தற படிதான்."

எப்பவுமா? செண்பகவடிவுக்கு ஒரு தடவைகூட ஞாபகத்தில் இல்லை. பர்வீன் திரையைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தலையில் மாட்டிய தொப்பி இன்னும் அப்படியே இருப்பது செண்பகவடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையை உயர்த்தினாள்.

அவர் எந்திரத்தின் பக்கம் குனிந்து, ஆசையாக, முழுப்பெயரையும் சொன்னார்.

"செண்பகவடிவு."

அவர் கூப்பிட்டுக் குரல் கொடுக்காமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. கைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"இங்கதானுங்க இருக்கறன்."