தலைமேல் கை

ஜானவியின் வலக்கை மேசைமேல் அசையாமல் கிடந்தது. இடக்கையில் போட்டிருக்கும் வளையலை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கும் கை அது. இன்று வந்து அரை மணி நேரமாகியும் ஒரு விரல்கூட அசையவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிராவுக்கு மட்டும்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சாலைக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. அபிலாஷ் வீட்டு ஜவுளிக்கடையின் மாடியில் நான்கு பேர். தகரக் கூரையில் மழை கொட்ட, கீழேயிருந்து புதுவேட்டிக் கஞ்சி வாசனையும் பக்கத்து மிளகாய்க் கிடங்கின் நெடியும் படியேறி வந்துகொண்டிருந்தன. அபிலாஷ் கதை சொல்வான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, ஒன்றுசேர்ந்து கதையைக் கரையேற்ற வேண்டும். சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலக்கையைத் தலைமேல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சொல்வதெல்லாம் பாத்திரத்தின் பேச்சு.

ஆதிரா இரண்டு வாரமாக நடுநடுவே சிரித்தும் சந்தேகம் கேட்டும் ஆட்டத்தைக் கெடுத்திருந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இனி ஒரு தடவ இடையில தலைமேல கை வச்சேன்னா, அடுத்த ஞாயிறு நீ வராண்டாம், கேட்டியா?" என்று அபிலாஷ் சொல்லியிருந்தான். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவளுக்கு இவர்களை விட்டால் வேறு நாதியில்லை. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதை, போனக்காட்டு மலையில் பாழடைந்த ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் நடந்தது. ஆதிரா டாக்டர். ரெஜி டிரைவர். ஜானவி, அங்கே கொழுந்து பறித்துச் செத்துப்போய் ஆவியாக அலையும் கிழவி எலிசாள்.

"யாரு தாயி, கதவத் தெறந்தது?"

கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வளர்ந்த ஜானவியின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு கிழட்டுக் குரல் வந்தது. ரெஜி தலைமேல் கை வைத்து, "அடிபொளி!" என்று மெச்சினான். மிளகாய் நெடிக்குள் மட்கிய தேயிலையின் ஈர நாற்றம் எங்கிருந்தோ கலந்தது.

பிறகு, ஜானவியின் சொந்தக் குரல்.

"ஆதிரா, நேக்குக் கையத் தூக்க முடியலடி."

கை மேசைமேலேயே கிடந்தது.

அபிலாஷ் அசரவில்லை. "எலிசாளுக்கு இப்போ உங்க சொந்தப் பேரும் மனசிலாயாச்சு," என்று அதையும் கதைக்குள் இழுத்துக்கொண்டான். ரெஜிக்குப் புல்லரித்தது. டாக்டரின் முறை வந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் டாக்டர்," என்றாள் ஆதிரா. சொன்ன வாயை அவளுக்கே பிடிக்கவில்லை.

"வெளையாடலடி. உள்ள எடம் கொறஞ்சிண்டே வரது."

ஜானவியின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. முகத்தில் ஒரு தசையும் அழவில்லை. ஆதிராவின் கை காதுவரை எழுந்தது. அபிலாஷ் பார்த்தான். முடியை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். நடிப்பாகத்தான் இருக்கும். நடிப்புதான்.

மேசைக்கடியில் எதுவோ அவள் மணிக்கட்டைப் பற்றியது.

ஜானவியின் இடக்கை. ஈரம். குளிர்.

"ஆதி..."

பாதிப் பெயர். அதற்குமேல் வரவில்லை.

ஆதிரா வலக்கையைத் தலையில் அறைந்தாள். "நிறுத்து! இது எலிசாள் இல்ல, ஜானவி பேசறா!"

"சே!" அபிலாஷ் பென்சிலை வீசினான். "கெடுத்துட்டியே!"

மழை நின்றிருந்தது. ஜானவியின் வலக்கை எழுந்தது. மெதுவாக. தலைமேல் உட்கார்ந்தது. விரல்கள் முடியைத் தடவிப் பார்த்தன, கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல.

"நான் ஜானவிதான் தாயி," என்றது கிழட்டுக் குரல். "வெளையாட்டு முடிஞ்சிருச்சு. வூட்டுக்குப் போவோம்."

ரெஜி கை தட்டினான். அபிலாஷுக்கும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டியா? ஒண்ணும் இல்ல," என்று பகடைகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

மேலே அந்தக் கை தலையைத் தடவிக்கொண்டே இருந்தது. கீழே, யார் கண்ணுக்கும் படாமல், ஜானவியின் இடக்கை ஆதிராவின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அடுத்தது பாதியில் நின்றது.