ஊசித்திட்டில் ஒரே ஒரு சுற்று

"இங்கே நிலம் இல்லை" என்றது டயர்.

தையல்நாயகி அதை ஓங்கி ஓர் உதை விட்டாள். "நிலம் இல்லாமயா எங்க ஊரு நிக்குது? நாப்பத்தாறு வீடும் அந்தரத்துலயா தொங்குது?"

அது அறிடயர். மண்ணைத் தொட்டுப் பார்க்கும், ஈரத்தை அளக்கும். சேறு என்றால் தன் உடம்பிலிருந்து தரையைக் கவ்வும் ரப்பர் பட்டன்களை ஒரு விரல் நீளத்துக்குத் துருத்திக்கொள்ளும். தார்ச்சாலை என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்றைக்கூடத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இத்தனை சாமர்த்தியத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கெட்ட புத்தி. வேறு டயர் போகாத இடத்துக்கு அது போகாது. நாட்டில் ஓடும் அறிடயர்கள் அத்தனையும் தடவலை என்ற ஒன்றில் பிணைந்திருந்தன. எந்த டயர் எங்கே போனது, எங்கே பயந்து திரும்பியது என்பதெல்லாம் அந்த வலைக்குத் தெரியும். பத்து டயர் திரும்பிய இடத்தில் பதினோராவது டயர் அச்சைப் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒருவரும் போகாததால் போகக் கூடாது, போகக் கூடாததால் ஒருவரும் போவதில்லை. விபத்து குறைந்துவிட்டது என்று பட்டணத்தில் விழா எடுத்தார்கள். அந்தச் சூட்டோடு, வலையில் சேராத பழைய ஊமை டயர்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்புச் சதுப்பு வெயிலில் வெள்ளையாய்ப் பரந்து கிடந்தது. நாலு கிலோமீட்டருக்கு அப்பால், அதே வெள்ளையின் நடுவில், ஊசித்திட்டு தெரிந்தது. போன வருடப் புயலில் அங்கே போகும் மண்சாலை கரைந்தது. அன்றிலிருந்து ஒரு டயரும் திட்டை எட்டவில்லை. அங்கே குடியிருக்கும் உப்பளத் தொழிலாளர்கள் தினமும் நடந்துதான் போய் வந்தார்கள். காலுக்குத் தடவலையில் இடம் கிடையாது. ஓராண்டு முழுக்கச் சக்கரம் எட்டாத இடம் ஆளில்லா நிலம் என்பது சட்டம். ஊசித்திட்டின் ஓராண்டு இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஆறு மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். மின்சாரம் நின்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் நன்னீர்ப்பொறி நிற்கும். பொறி நின்றால் ஊர் காலி.

இதை அறிவிக்க வந்திருந்த தட அலுவலர் கிரிதரன் கரையில் குடை பிடித்து நின்றிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. காலையிலிருந்து அவர் முகம் பேதி மாத்திரை சாப்பிட்டவர் முகம்போலத்தான் இருந்தது.

"ஏன் சார், எங்க ஆளுங்க அங்கேருந்து நடந்து வர்றத நீங்களே கண்ணால பாத்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா. நான் பார்த்தது செல்லாது. டயர் பார்க்கணும்." ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் மேலும் சொன்னார்: "வண்டியில பூட்டின ஒரு அறிடயர், ஒண்ணே ஒண்ணு, அந்தத் திட்டு மேல ஒரு முழுச் சுத்து சுத்தினாப் போதும். உங்க ஊர் தப்பிச்சிடும். அது நடக்காதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு சுத்துதான?" என்றாள் தையல்நாயகி.

அவள் தன் நாலுகால் வண்டியைத் திருப்பினாள். உப்பு மூட்டை ஏற்றும் சின்ன வண்டி அது. சேறு, மணல், வரப்பு எல்லாம் ஏறும் சாதி. திரும்பிப் போவது என்றதும் நான்கு டயர்களும் குஷியாகிவிட்டன. கடைத்தெரு வரை ஒரு குலுக்கல் இல்லை.

நெய்னா மரைக்காயர் கடையின் முன்பக்கம் அறிடயர்கள் கண்ணாடிக்குள் பளபளத்தன. பின்பக்கம் "படகு அணைப்பு கிடைக்கும்" என்று ஒரு பலகை. ஊமை டயர்களை இப்போது படகு உரசாமல் தொங்கவிட மட்டும்தான் விற்கலாம். மரைக்காயர் அவற்றைத் தினமும் துடைத்து வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டால் கோபம் வரும்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

"தங்கச்சி, ஊமை டயர்ல ஓட்டிப் போயிடலாம்னு வை. அது வலைக்குத் தெரியாது. அறிடயரக் கொண்டுபோயி அங்க பூட்டணும். பூட்டுனா சுத்துமான்னு கேட்டா, சுத்தும்."

"நிலம் இல்லன்னு சொல்லாதா பாய்?"

"புதுசா பூட்டுன எடத்த மட்டும் அது கேள்வி கேக்காது. மெக்கானிக்கு நின்னு நட்டு முடுக்குறான்னா அது தரையாத்தான இருக்கணும்? செஞ்சவன் அப்படி நெனச்சுட்டான். நிலமே இல்லாத எடத்துக்கு எவன் ஜாக்கி தூக்கிக்கிட்டுப் போவான்னு நெனச்சிருப்பான்."

"நான் போவேன்" என்றாள்.

மரைக்காயர் உற்சாகமாக ஒரு டயரை உருட்டி வந்தார். பட்டன் ஒவ்வொன்றும் மாட்டுக் குளம்பு அளவுக்கு இருந்தது. "சேத்துக்குன்னே பொறந்தது. பட்டனுக்குப் பட்டன் எடவெளி பாத்தியா? சேறு ஒட்டாது, சுத்துற வேகத்துல தானா உதறிடும். ஆனையையே இழுக்கும்."

அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு சரக்கு வைக்கும் கிட்டங்கியின் மூலைக்குப் போனாள். அங்கே நான்கு டயர்கள் கிடந்தன. அகலமானவை, மெல்லிய சுவர் கொண்டவை. பட்டன் எல்லாம் தேய்ந்து மொட்டை.

"இது."

"பைத்தியமா ஒனக்கு?" டயர்க்காரரின் மானத்துக்கே இழுக்கு வந்துவிட்டது. "சேத்துல மொட்டை டயரா? நாப்பது வருஷத்துல ஒருத்தர்கூட சேத்துக்கு இதக் கேட்டதில்ல!"

"அது சேறு இல்ல பாய். மேல உப்புப் பொருக்கு, நாலு விரக்கட கனம். அடியிலதான் சேறு. பட்டன் பொருக்கக் குத்தி ஒடைக்கும். ஒடைச்சதும் உள்ள போயி, உங்க ஆனை இழுக்குற டயரு நல்லா பள்ளம் தோண்டிக்கிட்டு உக்காந்துக்கும்." அவள் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தட்டையாகத் தரையில் பதித்துக் காட்டினாள். "உப்புப் பாத்தி மிதிக்கிறப்ப இப்படித்தான் வைப்போம். குதிகால ஊனுனா அளத்துல மேஸ்திரி கத்துவாரு. தரைய நோவடிக்காம மிதிக்கணும். மூணு பவுண்டு காத்து போதும்."

"மூணு பவுண்டா? ரிம்மு கழண்டுடும்."

"கழண்டா நடக்குறேன். நடக்கத்தான் எங்களுக்கு நல்லாத் தெரியுமே!"

மரைக்காயர் அவளையும் மொட்டை டயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜாக்கியைத் தூக்கினார். தன் வேனில் நான்கு டயரையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு அவரே வந்தார். மணி மூன்றரை.

கரையில் அறிடயர்களைக் கழற்றி ஊமைகளைப் பூட்டுவதைப் பார்த்ததும் கிரிதரன் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏம்மா, ஏம்மா! ஊமை டயரை ரோட்டுல ஓட்டினா ஆறு மாசம் உள்ள போகணும்!"

"ரோட்டுலதான சார்? இங்க நிலமே இல்லன்னு உங்க டயரு சொல்லிருச்சு. இல்லாத எடத்துல ஓட்டுனா என்ன கேசு போடுவீங்க?"

அவர் கைக்கருவியில் சட்டப்பிரிவுகளைத் தேடத் தொடங்கினார். அவர் தேடி முடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கழற்றிய அறிடயரில் ஒன்றை வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஜாக்கியையும் ஒரு பலகையையும் காலடியில் செருகிக்கொண்டு, சதுப்பில் இறங்கினாள்.

பொருக்கு முனகியது. உடையவில்லை. காற்றில்லாத மொட்டை டயர்கள் சப்பாத்திபோலப் பரந்து அதன்மேல் ஊர்ந்தன. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த அறிடயர் மட்டும் "இங்கே நிலம் இல்லை, இங்கே நிலம் இல்லை" என்று ஒப்பாரி வைத்தபடியே வந்தது. வாயை மூடும் பொத்தான் எது என்று மரைக்காயரைக் கேட்காமல் விட்டோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பாதி வழியில் வெள்ளை நிறம் சாம்பலாக மாறியது. பழைய சாலை கரைந்து கலந்த இடம். பொருக்கு அங்கே இரண்டு விரல்கூட இல்லை. முன்சக்கரம் நெகிழ்வது கைப்பிடியில் தெரிந்தது. ஊரில் நாப்பத்தாறு வீடு, நாப்பத்தாறு குடம், ஒரு பொறி. நிறுத்தினால் தொலைந்தோம், வேகம் எடுத்தாலும் தொலைந்தோம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடைவேகத்தில், வண்டியை மெல்ல இடப்பக்கம் வளைத்து வெள்ளையைத் தேடினாள். வெள்ளை வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஓட்டினாள்.

திட்டில் ஏறும்போது மணி ஐந்து இருபது. ஊரே ஓடி வந்தது. அவள் புருஷன் வைரக்கண்ணு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அடியே, மொட்டை டயர்லயா வந்த?"

"கேள்வி கேக்காம பலகையப் போடுங்க. இல்லாட்டி ஜாக்கி உள்ள எறங்கும்."

இடது பின்சக்கரத்தைக் கழற்றி அறிடயரைப் பூட்டினார்கள். கடைசி நட்டை அவள் முடுக்கியதும் அது ஒரு கணம் யோசித்தது. பிறகு இனிய குரலில், "புதிய தொடக்கம். தரை உறுதி" என்றது. வண்டி நகர்ந்தது. டயர் ஒரு முழுச் சுற்று சுற்றியது. நன்னீர்ப்பொறி வரை போய்த் திரும்பட்டும் என்று அவள் நாற்பது சுற்றுச் சுற்ற வைத்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். ஆறு மணிக்கு மின்சாரம் நிற்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தடவலைக்கு மரியாதை மிஞ்சியிருக்கும். அந்த வலைக்கு ஒரு பழக்கம். ஒரு டயர் கடைசியாக உருண்ட இடமும் இப்போது உருளும் இடமும் தெரிந்தால், நடுவில் ஒரு நேர்கோட்டைப் போட்டு "நிரூபித்த தடம்" என்று எழுதிக்கொள்ளும். கரையிலிருந்து திட்டுக்கு இப்படி ஒரு கோடு விழுந்தது. தையல்நாயகி எங்கே வளைந்தாள் என்பது வலைக்கு எப்படித் தெரியும்? புதிய தடம் கிடைத்தால் மறுநாளே துறை வண்டிகள் அதில் ஓடி உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிரிதரன் ஆறு வண்டிகளோடு கிளம்பினார். நேற்று ஓரடி வைக்க மறுத்த அதே ரக டயர்கள் இன்று துளிக் கூச்சமில்லாமல் சதுப்பில் இறங்கின. பட்டன்களை நன்றாகத் துருத்திக்கொண்டன. முன்வண்டி போன கோட்டில், ஒரு விரல் பிசகாமல், பின்வண்டி போனது. அந்தத் துல்லியத்துக்குத்தான் அவற்றைச் செய்தவர்கள் விருது வாங்கியிருந்தார்கள்.

திட்டிலிருந்து பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். அளத்து ஆட்கள் சதுப்பில் ஒருவர் பின்னால் ஒருவராக எப்போதும் போகமாட்டார்கள், பரவித்தான் போவார்கள். ஒருமுறை மிதித்த பொருக்கில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழுந்திருக்கும். இரண்டாவது ஆளைத் தாங்கலாம், மூன்றாவது ஆளை விழுங்கிவிடும்.

மூன்றாவது வண்டி விழுந்தது. முன்னே போன இரண்டும் நின்றன. நின்றதும் அவையும் இறங்கின. பின்னால் வந்த மூன்றும் அதே கோட்டில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. அச்சு வரை சேறு. டயர்கள் ஒவ்வொன்றும் "தரை உறுதி, போக்குவரத்து நெரிசல், சற்றுப் பொறுக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

தையல்நாயகியும் ஊர்க்காரர்களும் பலகைகளோடு நடந்து வந்தார்கள். கிரிதரன் முதல் வண்டியின் முன்மூடி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"எறங்கி வாங்க சார்."

"எப்படிம்மா? பக்கத்துல நிலம் இல்லன்னு காட்டுதே." கைக்கருவியைத் திருப்பிக் காட்டினார். பச்சையாக ஒரே ஒரு கோடு. மற்றதெல்லாம் வெறுமை. பத்தடி தள்ளி, அந்த வெறுமையின்மேல், கால் நனையாமல் நின்றிருந்தாள் அவள்.

"அப்ப நான் எது மேல நிக்கிறேன்?"

அவர் அவள் காலைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "இதுல நீங்க இல்லம்மா" என்றார் பரிதாபமாக.

அவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. பலகையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

"இல்லாதவ எப்படி சார் உங்களத் தூக்கி விடுறது? நாளைக்கு உங்க டயரெல்லாம் மறுபடி பயந்துக்கும். அடுத்த வருஷம் இதே நாள், குடையோட வந்து நிப்பீங்க. வருஷா வருஷம் நான் மொட்டை டயரைக் கட்டிக்கிட்டு அழணுமா? கால் போற வழியும் தடந்தான்னு எழுதுங்க. எழுதிட்டு எறங்குங்க."

"எழுத எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ஒரு அறிடயர் சாட்சி சொல்லணுமே, நடந்த இடம் தரைதான்னு."

"கேட்டுப் பாருங்களேன்."

அவர் தயங்கித் தயங்கி எழுதினார்: கரை முதல் ஊசித்திட்டு வரை, சதுப்பின் முழு அகலமும், கால்தடம். கருவி சாட்சி கேட்டது. அவருக்குக் கீழே, சேற்றுக்குள்ளிருந்து, கொப்புளம் விட்டபடி ஒரு குரல் வந்தது: "தரை உறுதி." பதிவு ஏறியது. கோட்டின் இரண்டு பக்கமும் சதுப்பு முழுக்கப் பச்சையானது.

கிரிதரன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா வைக்கணும்? நீங்க வச்ச அதே எடத்துலயா?"

"அய்யய்யோ, அத மட்டும் செஞ்சிடாதீங்க! ஒரு முழம் தள்ளி, பாதத்தத் தட்டையா, நீங்களா வைங்க."

நாற்பத்தைந்து வயதில் அந்த மனிதர் ஒரு காலைத் தொங்கவிட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஐந்து வண்டிகளின் ஓட்டுநர்களும் தங்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவர் எந்த இடத்தில் கால் வைக்கப் போகிறார் என்று கண்கொட்டாமல் குறித்துக்கொண்டிருந்தார்கள்.