இரண்டு பேருக்கும் இருந்தால்...

குடை அவனுடையது. அதன் கம்பியில் சிக்கிக்கொண்ட முடி யசிந்தாவுடையது.

அடித்து ஊற்றிய கார்த்திகை மழைக்கு, இருவரும் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஓடியதால் வந்த வினை!

"ஐயோ... இழுக்காதேங்கோ!"

"நான் எங்கை இழுக்கிறன்? நீங்கள்தான் ஓடுறியள். கொஞ்சம் நில்லுங்கோ..."

பொறுமையாக ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தாள். கடல் வெயிலில் கறுத்த முகம்... அதில் உதடு சிரிக்க முதலே சிரித்துவிடும் இரண்டு கண்கள். இப்பிடியும் ஒருத்தனுக்குக் கண் இருக்குமோ? திட்ட வேண்டும் என்பதையே மறந்துபோனாள்.

உள்ளே போனால், மரபணுப் பரிசோதனை அறைக்கு முன்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்தால், பக்கத்திலும் அவனே!

"உங்களுக்கு...?" என்று இழுத்தான்.

"எனக்கென்ன? சிநேகிதியோடை வந்தனான்." அவளுடைய ஊரான குருநகரில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் சோதித்தார்களாம் என்றால் ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே. "நீங்கள்?"

"நானும் துணைக்குத்தான். கூட்டாளி ஒருத்தன்ரை அலுவல்."

கதவு திறந்தது. தாதி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "யசிந்தா செபநாயகம்! அடுத்தது றஞ்சித் சூசைதாசன்!"

இருவரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்... அவ்வளவுதான், வயிறு நோகச் சிரித்தார்கள்.

இரத்தம் கொடுத்த பிறகும் மழை விடவில்லை. உண்மையைக் கதைத்தார்கள். அவளுடைய தம்பி லோஜனுக்குத் தலசீமியா. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். பாசையூர் றஞ்சித்தின் அக்கா மகளுக்கும் அதே வருத்தம். தனக்கு ஒன்றும் செய்யாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய நோய்காவியா என்று பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். தாய், தகப்பன் இருவருமே காவிகளானால்தான் பிள்ளைக்கு ஆபத்து.

"உங்கடை நம்பரைத் தாறியளோ?" என்றான் தயங்கித் தயங்கி.

அவள் முகம் வாடிவிட்டது. "ரெண்டு பேருக்கும் இருந்தால்? தம்பியின்ரை கையிலை ஊசி ஏத்த இடம் தேடுறதை நான் ஒவ்வொரு மாதமும் பாக்கிறன். ஆசையை வளத்துப்போட்டுப் பேந்து அழ என்னாலை ஏலாது. பரிதாபப்பட்டு ஒருத்தரும் என்னட்டை வரவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு மழைக்குள்ளேயே இறங்கி நடந்தாள். வீட்டுக்குப் போனபின் மீன் கழுவும்போதும் அந்தக் கண்கள்... செபம் சொல்லும்போதும் அந்தக் கண்கள்! உனக்கு இவ்வளவு திமிர் கூடாதடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "நீங்கள் காவிதான், பிள்ளை. உங்களுக்கு ஒண்டும் செய்யாது. கட்டப்போறவரும் ஒருக்கால் பரிசோதிக்கவேணும், அவ்வளவுதான்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், வாங்கில் றஞ்சித்! காணாததுபோல் கடந்தாள்.

"யசிந்தா, நில்லுங்கோ... எனக்கு இல்லையாம்!"

கால்கள் தாமாகவே நின்றன.

"உண்மையாவோ?"

"ஓம். டொக்டரிட்டை ரெண்டு தரம் கேட்டனான்."

"ஏன் ரெண்டு தரம்?"

"முதல் எனக்காகக் கேட்டன். பேந்து, பெட்டைக்கு இருந்தால் பறவாயில்லையோ எண்டு கேட்டன். ஆரப்பா அந்தப் பெட்டை எண்டு சிரிச்சார்."

"எனக்கு இருக்கு, றஞ்சித்..."

"இருக்கட்டுமே! ஒராளுக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கு அந்த வருத்தம் வராதாம். இது பரிதாபமில்லை, யசிந்தா. எனக்கு உம்மிலை விருப்பம்."

இத்தனை நாளும் இறுகிக் கிடந்த நெஞ்சு லேசாகிவிட்டது. கண்ணீர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இனி என்ன திமிர் வேண்டிக்கிடக்கு?

"ஒவ்வொரு நாளும் மாதாவிட்டை மன்றாடினனான்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கு இருக்கக்கூடாதெண்டு இல்லை... உங்களுக்கு இருக்கக்கூடாதெண்டு."