கவிழ்த்துப் போட்ட கல்

கல்லூரிப் பரீட்சை முடிந்து பெட்டியோடு நான் பஸ்ஸிலிருந்து இறங்கிய மத்தியானம், எங்கள் கோயில் வாசற்படியைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசியர் காலத்து மாதா கோயில். சுவரெல்லாம் பவளக்கல்லும் சுண்ணாம்பும். படி மட்டும் கறுப்புக் கல். அதைப் புரட்டியதும் வேலையாட்கள் பின்வாங்கி நின்றார்கள்.

அடிப்பக்கம் முழுக்கச் சிற்பம்.

மேலே ஒரு வள்ளம். அதில் ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டி நிற்கிறான். அலைக் கோடுகளுக்கு அடியில், தலைகீழாக, சங்கெடுக்க மூழ்கிக் குளிக்கிறவன் ஒருவன். அவன் இடுப்பிலிருந்து கிளம்பிய கயிறு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சவேரியான் சிலுவை போட்டுக்கொண்டார். "பழையபடி கவுத்துப் போடுங்கலே. முகத்தக் கீழ வச்சவங்க கிறுக்கனுங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ராசாவுக்கும் சேனாதிபதிக்கும்தான் கல்லு வைப்பாங்கன்னு எனக்குப் பாடம் நடத்துனாங்க அண்ணாச்சி. இங்கன பாருங்க, நம்மாளுக்கு எவனோ கல்லு வச்சிருக்கான். கோயில் கட்ட வந்தவன் அதப் பிடுங்கிப் படியாப் போட்டுட்டான். நாமளும் இத்தன காலமா மிதிச்சிருக்கோம். திரும்ப மண்ணுக்குள்ள போடச் சொல்லுதியளே!"

"அமலி கல்லுக்கும் பி.ஏ. பட்டம் வாங்கிக் குடுத்துருவா போல" என்றான் கடப்பாரைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

பங்குச் சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வள்ளத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"செபம் பண்ணுதான் சாமி. கையப் பாருங்க."

அது அவருக்குப் போதும். வாசலை ஒட்டிய சுவரில், படம் வெளியே தெரிய, கல்லை நிமிர்த்திப் பதித்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் வள்ளத்தில் நின்று பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலி அறுபட எவனும் கைவிடமாட்டான் என்ற கணக்கு. அக்கா செலஸ்தீனாளின் புருசன் கஸ்பார் அத்தானுக்கு எங்கள் அண்ணன் தொம்மை பிடித்துவந்தான். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்ததும், 'பொண்ணக் கட்டிக் குடுத்ததுக்குக் காலம் பூரா கயிறும் பிடிக்கணுமா?' என்று நச்சரித்து நான்தான் அவனை அங்கே வேலைக்கு அனுப்பினேன். அது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். தொம்மை இடத்துக்கு ஆத்தூர்ப் பக்கத்து செந்தூர்பாண்டி கூலிக்கு வந்தான். நல்லவன்.

அக்காவுக்கு மாதம் நிறைந்திருந்தது. "கூலிக்குப் பிடிக்கிற கைக்கு என்ன ஏளா தெரியும்?" என்று புலம்பினாள்.

"கயித்துக்கு உறவு எதுக்குக்கா? பலம் இருந்தாப் போதும்."

அத்தான் கழுத்துக் கயிற்றில் கிடந்த உத்திரியத்தை, மாதா படம் தைத்த சதுரத் துணித்துண்டை, இழுத்து முத்தமிட்டுக்கொண்டே சிரித்தார். "தொம்மையப் பிரிச்சு விட்டது கொழுந்தியாதான? இனி நீயே பிடி."

"பிடிக்கேன் அத்தான். விடவே மாட்டேன், பாருங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

சுவரில் பதித்த கல் நாளாகியும் காயவில்லை. பங்குனி வெயிலில் மணல் பொரிகிறது, அந்தக் கல்லிலிருந்து மட்டும் தண்ணீர் கசிகிறது. கூடவே ஒரு நாற்றம். குவித்துப்போட்டு அழுகவிட்ட முத்துச்சிப்பியின் நாற்றம். எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நின்று பல வருசமாகிறது.

ஒரு மத்தியானம் கோயிலில் யாருமில்லை. வள்ளங்கள் கடலில் இருந்தன. பின்னலை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு முந்தானையால் கல்லைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஊறியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கடல்.

அப்போது என் கைகளுக்குள் ஒரு கயிறு இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நனைந்த கயிற்றின் நார் உள்ளங்கையைக் குத்தியது. அதன் கனம் தோளை இழுத்தது. கீழே, எங்கோ ஆழத்தில், அதன் மறுமுனை அசைந்தது.

பிறகு ஒரு இழுப்பு.

அந்த இழுப்புக்கு அர்த்தம் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மூச்சு முடியுது, தூக்கு.

அத்தான்!

தூக்கினேன். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, தோல் கிழியக் கிழியத் தூக்கினேன். கத்த வாயெடுத்தால் சத்தம் வரவில்லை. கனம் மேலே மேலே வந்து, சட்டென்று அற்றது.

என் முதுகுக்குப் பின்னால் ஈரக் கால் ஒன்று தரையில் பதிந்தது.

இன்னொன்று.

நான் திரும்பவில்லை. கால்கள் வெளியே போயின.

கரையில் ஓலம் கேட்டு ஓடினேன். வள்ளம் வந்திருந்தது. செந்தூர்பாண்டி தலையில் அடித்துக்கொண்டிருந்தான். "நான் விடலம்மா! கயித்த விடலம்மா! ஓயாம இழுத்தேன், வெறுங்கயிறுதான் வந்துச்சு!" அக்காவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

"அந்தா வாரான்! கஸ்பார் வாரான்லே!"

அத்தான் நடந்து வந்தார். கடலிலிருந்து அல்ல. கோயில் பக்கமிருந்து.

நீரோட்டம் அடித்துப்போய்க் கோயிலுக்குப் பின்னால் கரையேறிவிட்டான் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அவர் கழுத்தில் உத்திரியம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அந்த இடம் ஈரமாகவே இருந்தது. ஊரே நன்றிப் பூசை வைத்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படியில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, வெளிய சொல்லிராத. பக்கத்துல படுத்திருக்காரு. நெஞ்சுல காது வச்சுப் பாத்தேன்..."

"என்னக்கா?"

"மூச்சே விடல, ஏளா."

கோயிலுக்கு ஓடினேன். கல்லில் தலைகீழாகத் தொங்குகிறவனைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி மெல்லிய ஒரு கோடு. அதன் நுனியில் சதுரமாக ஒரு சின்னத் துண்டு.

உத்திரியம்.

சிலுவையே வந்திராத காலத்துக் கல்லில் உத்திரியம்.

அப்போதுதான் மேலே நிற்பவனின் கைகளை ஒழுங்காகப் பார்த்தேன். தோலுரிந்த என் கைகளைப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். செபம் பண்ணுகிற கை அப்படி இருக்காது. கயிற்றை விட்டவன் கை அது. அவன் விட்டதால் அடியில் கிடந்தவனைத்தான் நான் தூக்கி, அத்தான் உருவத்தில் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் இடத்தில் இப்போது அத்தான் கிடக்கிறார்.

கயிறு திரும்ப என் கைக்குள் வந்தது.

இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

இந்தத் தடவை எவ்வளவு தூக்கியும் கனம் அசையவில்லை. அத்தான் கீழேயிருந்து இழுத்துக்கொண்டே இருந்தார். முழங்கால் போட்டேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை.

சவேரியான் ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்தார். "அன்னைக்கே சொன்னம்லா? தள்ளு தாயி. கவுத்துருவோம்."

"கிட்ட வராதிய! கவுத்தா அத்தான் அடியிலயே போயிருவாரு!"

"புள்ளைக்குப் பித்துப் பிடிச்சிட்டுலே. கஸ்பார் வீட்டுல இருக்கான் தாயி."

"வீட்டுல இல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

வாசலில் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், அவள் தோளில் கை வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் நின்றார். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கண்கள் என் கைகளின் மேலேயே இருந்தன.

அக்கா உதடு அசையாமல் சொன்னாள். "விட்டுராத ஏளா."

சவேரியான் கையிலிருந்து கடப்பாரை விழுந்தது.

நான் விடவில்லை. அக்காவுக்கு வலி கண்டு, வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அவரும் கூடவே நடந்து போனார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறேன். கீழேயிருந்து வருகிற இழுப்பு தளர்ந்துவிட்டது, ஆனாலும் வருகிறது.

இன்று வெயில் சாய்ந்து கல்லில் விழுந்தது. வள்ளத்தில் நிற்கும் உருவத்தின் விரல்கள் மடங்கியிருக்கின்றன. பாதியில் நின்ற கயிறு அவற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதன் முதுகில் ஒரு பின்னல் தொங்குகிறது.