பத்து மோசமான கதவுகள்

முதஸ்ஸிர் மைக்கில் "பத்து" என்றதும் வெளியே மரப்படியில் ஒரு காலடி விழுந்தது.

ரங்கநாதன் தெருவில் அப்பாவின் போர்வைக் கடைக்கு மேலிருந்த சரக்கறையில்தான் அவன் வீடியோ எடுப்பான்; சுற்றிலும் போர்வைக் கட்டுகள் அடுக்கியிருப்பதால் எதிரொலி வராது. வீடியோ கேம்களில் வரும் பத்து மோசமான கதவுகளைப் பத்திலிருந்து ஒன்றுவரை வரிசைப்படுத்தி நக்கலடிப்பது இன்றைய வேலை. மழைக்குப் பயந்து தெருவே பகல் மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கியிருந்தது. கீழே கடையில் தங்கை மஹ்விஷ் மட்டும் இருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே பத்துப் படிகள், ஒரு கதவு.

பத்தாம் இடம், அறையின் சாவியை அந்த அறைக்குள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டிய கேமுக்கு. இந்தப் புத்தியோடு நம்ம தெருவில் கடை போட்டால் மத்தியானமே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றான்.

"ஒன்பது."

இரண்டாம் படி முனகியது. ஈரத்துணியும் துருவும் கலந்த வாடையொன்று கதவுக்கடியில் நுழைந்து, புதுப் போர்வைகளின் கஞ்சி மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபடி, அவன் நாற்காலிவரை வந்து நின்றது. எட்டு. ஏழு. எண்ணுக்கு ஒரு படி. ஆறு.

அவன் நிறுத்தினான். அதுவும் நின்றது.

மஹ்விஷைக் கூப்பிட்டுப் பார்த்தான். அண்ணனை எப்போதும்போல 'பாய்' என்று அழைத்து, கடைக்குள் டீ போட்டுக்கொண்டிருப்பதாகக் கீழிருந்து பதில் சொன்னாள்.

அப்படியானால் ஐந்தாம் படியில் நிற்பது?

பயத்தைவிட அவனுக்கு எரிச்சல்தான் முந்தியது. "எங்க தெருவுக்கே வந்து எங்கிட்டயே பேரமா? இறக்கத் தெரிஞ்சவனுக்கு ஏத்தவும் தெரியும்."

ஏழு என்றான். காலடி ஒரு படி இறங்கியது. எட்டு. இன்னொன்று. சிரிப்பே வந்துவிட்டது. ஒன்பது.

கீழிருந்து மஹ்விஷின் குரல் கேட்டது.

"இன்னா பாய், படியில நின்னுகினு என்னையே பாக்குற?"

சிரிப்பு செத்தது.

அவளிடமே துரத்திவிட்டிருக்கிறான்.

"எட்டு," என்று கத்தினான். "ஏழு. ஆறு. வாடா. எங்கிட்ட வா. அஞ்சு. நாலு."

படிகள் தடதடத்தன.

"மூணு. ரெண்டு."

வாடை மூக்கை அடைத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சில்லை. அவன் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினான்.

"ஒண்ணு."

திறந்தான்.

முதுகு.

அது பின்னோக்கியே ஏறி வந்திருந்தது. அவன் சட்டை. அவன் தலைமுடி. முகம் முழுநேரமும் கீழே, மஹ்விஷ் பக்கம்தான்.

அதன் பிடரியை இரு கைகளாலும் பற்றினான். விரல்கள் நனைந்த பஞ்சில்போல் உள்ளே போயின. அவன் விடவில்லை.

கீழே மஹ்விஷ் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி டீ டம்ளரை நீட்டினாள். அதை வாங்க ஒரு கை, படி படியாக நீண்டு, இறங்கிக்கொண்டிருந்தது.