வெள்ளை மட்டும் போதும்

பவளத் தொட்டியின் விளக்கு அணைந்து ஐம்பத்திரண்டு மணி நேரம் கழித்துத்தான் பல் மருத்துவமனையிலிருந்து மீன் தொட்டிக் கடைக்குப் போன் வந்தது. பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டினாலே அரக்கப் பரக்க ஓடிவருவார்கள். வெளிச்சம்தான் பவளத்துக்குச் சாப்பாடு.

"பல் டாக்டருக்குப் பல்பு வேணுமாம்," என்றார் முதலாளி. அந்த ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார். "பழைய மாடல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். அதை இப்ப யாரு செய்றா? எல்.இ.டி.யை மாட்டிட்டு வந்துரும்மா."

"நானா சார்?"

"வேற யாரு இருக்கா? உங்க அண்ணன்தான் சொல்லாம கொள்ளாம கம்பி நீட்டிட்டானே."

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. கடையில் அவளோடு வேலை பார்த்தவர். அந்த மருத்துவமனைத் தொட்டி அவர் பொறுப்பு. நாற்பது நாளாக வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அவளால் முடியவில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் வாய்விட்டுக் கேலி செய்தது அவர் ஒருவரைத்தான். அவருடைய முன்பற்களில் ஒன்று கட்டின பல். பகலில் தெரியாது. நீல விளக்கைப் போட்டால் மற்றப் பற்கள் ஒளிரும், அது மட்டும் கறுத்துக் கிடக்கும். 'பொக்கை அண்ணா' என்பாள். அவரும் வேண்டுமென்றே ஈயென்று இளிப்பார்.

எங்கே போயிருப்பார் என்று ஒரு வார்த்தை அங்கே கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் கிளம்பினாள்.

அவள் போனபோது கடைசி நோயாளியும் போயிருந்தார். ரிசப்ஷன் பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு, "கதவைச் சாத்திக்கோங்க," என்று நகர்ந்தாள். ஜன்னல் இல்லாத காத்திருப்பு அறை. கிராம்பு எண்ணெயும் மருந்தும் கலந்த வாசனைக்கு அடியில் கடல் வாசனை, அதற்கும் அடியில், தண்ணீர் மாற்றாத பூ ஜாடியைப் போல, இனிப்பாக அழுகிய ஏதோ ஒன்று. பழைய விளக்கின் சோக் எப்போதும் ரீங்காரமிடும் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். இப்போது அந்த ஒலி இல்லாத இடத்தில் தண்ணீர் பம்பு மட்டும் மெல்ல மென்றுகொண்டிருந்தது.

டாக்டர் முகக்கவசத்தோடு வந்து நின்றார்.

"இதுல சூடு வராது சார், கரண்டும் கம்மி," என்றாள், மனப்பாடம் செய்ததைப்போல. "பழையது தொட்டி முழுக்க ஒரே சீரா பரவும், இதுல இண்டு இடுக்குல கொஞ்சம் நிழல் விழும். ஆனா வெள்ளை தனி, நீலம் தனி. வேணுங்கற அளவுக்கு வெச்சுக்கலாம்."

"நீலம் மட்டும் தனியா எரியுமா?"

"எரியும் சார்."

"அதைத் தொடாதீங்க. வெள்ளை மட்டும் போதும்."

"பவளத்துக்கு நீலம்தான் சார் முக்கியம்…"

"பேஷண்ட்டுக்குக் கண்ணு கூசும். வெள்ளை மட்டும் போதும்."

அவர் திரும்பினார். இப்போது விட்டால் கேட்க முடியாது.

"முன்னாடி இங்க ஒரு அண்ணா வருவாரே சார். கடைசியா எப்ப வந்தார்னு…"

"யாரு வர்றா போறான்னு நான் பார்க்கறதில்லம்மா. அவர் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

உள்ளறையில் குழாய் திறந்தது. கருவிகள் தட்டில் விழும் சத்தம்.

விளக்கை மாட்டி வெள்ளையைப் போட்டாள். உள்ளே பாறையெங்கும் பச்சைப் பாசி, கம்பளி கனத்துக்கு. தண்ணீரில் ஏதோ அழுகாமல் பாசி இப்படிக் கொழுக்காது. அவள் படித்த படிப்பு அதைச் சொல்லிவிட்டு அடங்கிக்கொண்டது. இடது மூலையில் மணல் மேடாகக் குவிந்திருந்தது. அண்ணா மணலை இவ்வளவு குவிக்க மாட்டார். விரல் நீள மீன் ஒன்று அங்கே வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துத் துப்பிக்கொண்டிருந்தது. பவளங்கள் சுருங்கி, வெளிறி, பசியோடு இருந்தன.

ஒரு நிமிடம். அவற்றுக்காக ஒரே ஒரு நிமிடம்.

வெள்ளையைக் குறைத்தாள். நீலத்தை ஏற்றினாள்.

அறை நீருக்குள் இறங்கியதுபோல் ஆனது. பவளங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் கண் விழித்தன. அவள் நகங்கள் ஒளிர்ந்தன. மணல் மட்டும் இருண்டது.

மணலில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. நகர்ந்தது. மீனின் வாயில் இருந்தது.

மீன் துப்பியது. கண்ணாடியில் டிக்கென்று ஒரு சத்தம். வேரோடு ஒரு பல்.

பல் மருத்துவமனைதானே, பிடுங்கியதை யாரோ விளையாட்டாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

மீன் மறுபடி மேட்டுக்குப் போனது. மணல் சரிந்தது. இன்னொரு பல். பக்கத்தில் இன்னொன்று. வளைவாக ஒரு வரிசை.

பிடுங்கிய பற்கள் வரிசையாக நிற்காது.

மணல் இன்னும் சரிந்தது. ஒளி. ஒளி. பிறகு ஒரு கறுப்பு. பிறகு ஒளி.

முன்பல்.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கண்ணாடியில், அவள் தோளுக்கு மேல், இன்னொரு வரிசை ஒளிர்ந்தது. முகக்கவசம் இல்லை. அதில் கறுப்பு இல்லை.

"எது எரியல?" எங்கே வலிக்கிறது என்று கேட்கும் குரல்.

அவள் விரல் தானாக எழுந்து கண்ணாடியைத் தொட்டது. அதற்கு அந்தப் பக்கம், மணலுக்குள்ளிருந்து, பொக்கை அண்ணா ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார்.

"அதுவா," என்றார் டாக்டர். "அந்தப் பல்லைக் கட்டினதே நான்தாம்மா."